பதினொரு பெஞ்சுகள்

மே மாமொதேனா இறந்துபோன சேதி புலெங்குக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடத்தில் வைத்துக் கிடைத்தது. மே என்றால் அந்த ஊர்ப் பேச்சில் அம்மா. மசேரு நகரத்தில் ஒரு தொடக்கப் பள்ளிக்குப் புலெங் தலைமையாசிரியை. விடைத்தாள் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது தியேஹோ தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அவுசி, நம்ம கிழவி போயிட்டா" என்றான். முப்பத்தொரு வயசு, லாரி ஓட்டுகிறான், இன்னும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறான். "சனிக்கிழமை அடக்கம். நான் வண்டி கொண்டாறேன். நீங்க பஸ்ஸுல ஏறி இடுப்ப ஒடிச்சுக்க வேணாம்."

புலெங் சரி என்று மட்டும் சொன்னாள். விடைத்தாள் கட்டைத் திரும்பக் கட்டி வைத்துவிட்டு ஜன்னல் பக்கமாய்ப் போய் நின்றாள்.

இருபத்தேழு வருடம் முன்பு அவள் பத்தொன்பது வயதுக்காரி. பள்ளிப்படிப்பு முடிந்து, ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைக்கக் காத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் மலை மேல் ஹா செபாதா மிஷனிலிருந்து போதகர் ராமாய்லி மசேரு சபைக்கு வந்து, வாலிபர் கூட்டத்தில் பேசினார். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் பதினேழு பேர் இருக்கிறார்கள், சமையலுக்கு ஒரே ஒரு அம்மா இருக்கிறார், சம்பளம் தர வழியில்லை, யாராவது ஒரு வருடத்தைக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். புலெங்கின் சிநேகிதி லிம்போ கையைத் தூக்கினாள். அவள் தூக்கினாளே என்று புலெங்கும் தூக்கினாள். ஜனவரியில் பஸ் ஏறும்போது லிம்போவுக்கு டர்பனில் ஒரு வேலை கிடைத்திருந்தது. புலெங் மட்டும் ஏறினாள்.

பஸ் போகிற மட்டும் போய், பிறகு ஒரு மட்டக்குதிரையில் மூன்று மணி நேரம். மிஷன் என்றால் கல்லால் கட்டிய ஒரு சின்ன தேவாலயம், இரண்டு வட்டக் குடிசைகள், தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை, சமையலறை. அவ்வளவுதான். சமையலறை வாசலில் இடுப்பில் கம்பளியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு ஒரு அம்மாள் நின்றிருந்தாள்.

"கையக் காட்டு" என்றாள், வணக்கம்கூடச் சொல்லாமல்.

புலெங் காட்டினாள்.

"இது கையா, கோழி இறகா? இத வெச்சுக்கிட்டு பதினேழு பேருக்குக் களி கிண்டுவியா?"

"கத்துக்குவேன், மே."

"நீ கத்துக்கிறதுக்குள்ள பிள்ளைங்க பட்டினியில போயிடும். சரி, வந்து உக்காரு, பட்டணத்துக்காரி. குதிரையில வந்தவ முகம் வெளிறிக் கிடக்கு."

அதுதான் மே மாமொதேனா. கல்யாணமாகி வந்த பெண்ணுக்குப் பிறக்கப்போகும் பிள்ளையின் பெயரை வைத்து, இன்னாரின் தாய் என்று பெயரிடுவார்கள். அவளுக்கு மொதேனாவின் தாய் என்று பெயரிட்டார்கள். மொதேனா பிறக்கவே இல்லை. புருஷன் சுரங்கத்தில் மண் சரிந்து போனான். பெயர் மட்டும் நின்றது. அந்தப் பெயரோடு பதினேழு பேருக்குக் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகளின் அப்பன்மார் ஜோகன்னஸ்பர்க் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து இருமலோடு வீடு திரும்பியவர்கள். ஒரு வருடம் கழித்து அம்மாமார்களும் இருமினார்கள். நோயின் பெயரை ஊரில் யாரும் வாயில் எடுப்பதில்லை. நெஞ்சுச் சளி என்பார்கள். மிஷன் பிள்ளைகள் ஓடைக்குத் தண்ணீர் எடுக்க வந்தால் ஊர்ப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு கொஞ்சம் மேலே போய்விடுவார்கள். சண்டையெல்லாம் கிடையாது. மேலே போய்விடுவார்கள், அவ்வளவுதான்.

புலெங் களி கிண்டக் கற்றுக்கொண்டாள். பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தாள், பேன் பார்த்தாள், ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய் தேவாலயத்தில் கடைசி வரிசையில் உட்காரவைத்தாள். மொசெலான்சா என்று ஐந்து வயதுப் பெண் இருந்தாள். பெயருக்கு நாயின் வால் என்று அர்த்தம். முன்னால் பிறந்தவை தங்காததால், இதையாவது சாவு கண்டுகொள்ளாமல் போகட்டும் என்று வைத்த பெயர். அவள் புலெங்கின் காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள். காதை இழுத்துக்கொண்டால் விழித்துக்கொள்வாள். ஆகையால் புலெங் ஒரு வருடம் முழுக்க ஒரே பக்கமாய்ப் படுத்தாள்.

அந்தப் பக்கம் ஜூலைதான் நடுக் குளிர்காலம். அந்த ஜூலையில் சபைச் சங்கக் கூட்டத்துக்குப் போதகர் மசேரு போனார். போன மறுநாள் பனி விழ ஆரம்பித்தது. முதல் நாள் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். களிப் பானை மூடியில் உட்கார்ந்து சரிவில் வழுக்கினார்கள். இரண்டாம் நாள் கதவைத் திறக்க முடியவில்லை. ஜன்னல் வழியாக இறங்கி மண்வெட்டியால் வெட்டவேண்டியிருந்தது. மூன்றாம் நாள் வறட்டி தீர்ந்தது. அந்த மலையில் மரம் கிடையாது. சாணி வறட்டிதான் எரிபொருள். மண்ணெண்ணெயும் முடிந்தது. மே மாமொதேனா ஏணியை வெட்டினாள். கோழிக்கூண்டை வெட்டிவிட்டு, கோழிகளை அறைக்குள் விட்டாள். தன் கட்டிலையும் வெட்டினாள்.

நாலாம் நாள் காலையில் தியேஹோவின் உதடு நீலமாகியிருந்தது. நாலு வயது. அவனுக்கு முன்பே நெஞ்சு சரியில்லை. மூச்சு விடும்போது விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. மே மாமொதேனா அவனைத் தன் ரவிக்கைக்குள் போட்டு, மேலே கம்பளியைச் சுற்றிக்கொண்டாள்.

"நான் மே மாகபேலோ வீட்டுக்குப் போய்க் கேட்டுட்டு வர்றேன்" என்றாள் புலெங். ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது அந்த வீடு. அதுதான் பக்கம். மற்ற வீடுகள் எல்லாம் சரிவுக்குக் கீழே, அன்றைக்குப் போகவே முடியாத தூரம்.

தொடை மட்டும் பனி. சாதாரணமாய்ப் பத்து நிமிடத்தில் நடக்கிற வழிக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் ஆனது. மாகபேலோ வீட்டுக் கூரையில் புகை வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் புலெங்குக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில். கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"மிஷன்லருந்து புலெங், மே. பிள்ளைங்க குளிர்ல கிடக்குதுங்க. ஒரு சாக்கு வறட்டி இருந்தா..."

"இல்ல."

"பாதி சாக்கு, மே. ஒரு சின்னவனுக்கு மூச்சு முட்டுது."

"இல்லன்னு சொன்னேன்ல. போயிடும்மா. கதவுகிட்ட நிக்காத."

கதவு திறக்கவில்லை. புலெங் இன்னொரு தடவை தட்டினாள். உள்ளே சத்தமே இல்லை. தலைக்குமேல் புகை அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தன் கால்தடத்திலேயே கால் வைத்துத் திரும்பி வந்தாள்.

புலெங் நடந்ததைச் சொல்ல, மே மாமொதேனா கேட்டுக்கொண்டாள். தியேஹோவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே தேவாலயம் தெரிந்தது.

"மே, கோயில்ல பெஞ்சு இருக்கு" என்றாள் புலெங்.

"வாய மூடு."

"பதினாலு பெஞ்சு இருக்கு."

"வாய மூடுன்னு சொன்னேன். அது யார் குடுத்ததுன்னு தெரியுமா உனக்கு? மாட்டு வண்டியில கட்டி, கீழேருந்து எட்டு நாள் ஏத்திக் கொண்டாந்தது. ஒவ்வொண்ணுலயும் ஒரு குடும்பத்துப் பேரு வெட்டியிருக்கு. செத்தவங்க பேரு."

தியேஹோ இருமினான், இருமி முடித்ததும் அடுத்த மூச்சு வர நேரமெடுத்தது. அறையில் எல்லோரும் அந்த மூச்சுக்காகக் காத்திருந்தார்கள். வந்தது. மே மாமொதேனா எழுந்தாள். பையனைப் பெரிய பெண் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, மூலையிலிருந்த கோடாலியை எடுத்தாள்.

"வா. ஒரு முனைய நீ பிடி."

தேவாலயத்துக்குள் குளிர் வெளியை விட மோசம். புலெங் கதவோரத்து பெஞ்சைப் பிடித்தாள்.

"அது இல்ல. மூணாவது வரிசை."

"ஏன் மே? இதுதான கிட்ட இருக்கு."

"மூணாவது என் மாமனார் குடுத்தது. என்னோடத மொதல்ல வெட்டினாத்தான் அடுத்தவங்க பெஞ்சத் தொட எனக்குக் கை வரும்."

முப்பது வருடம் அவள் ஞாயிறுதோறும் உட்கார்ந்த பெஞ்சு. கோடாலியை ஓங்கி, நாலே போடில் பிளந்தாள். அழவில்லை. அடுத்த பெஞ்சின் பக்கவாட்டில் வெட்டியிருந்த பெயரை விரலால் தடவிப் பார்த்து, சத்தமாய்ப் படித்து, "மன்னிச்சுக்குங்க, பிள்ளைங்களுக்காகத்தான்" என்றாள். ஒவ்வொரு பெஞ்சுக்கும் அப்படித்தான். பேரைச் சொல்லாமல் ஒன்றையும் வெட்டவில்லை.

மூன்று நாளில் பதினொரு பெஞ்சுகள் எரிந்தன. பழைய மரம், மெதுவாய், நீல நாக்கோடு எரிந்தது. பூசியிருந்த மெழுகின் வாசனை சமையலறை முழுக்க நிறைந்தது. பதினேழு பிள்ளைகள், இரண்டு பெண்கள், ஆறு கோழிகள், எல்லாம் ஒரே அறைக்குள். மே மாமொதேனா விடுகதை போட்டாள். விடை தெரியாதவன் ஒரு கோழியைப் பிடித்து முத்தம் கொடுக்கவேண்டும். தெரிந்தே தப்பாய்ச் சொன்னார்கள். தியேஹோ இரண்டாம் நாள் களி கேட்டான். மூன்றாம் நாள் ஒரு கோழியை உதைத்தான். "பிழைச்சுக்கிட்டான் திருட்டுப்பய" என்று மே மாமொதேனா அப்போதுதான் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பின்னாளில் புலெங்குக்கு மசேருவில் நல்ல வீடு அமைந்தது. சுவரில் மாட்டுகிற மின்சாரக் கணப்பும் வந்தது. ஆனாலும் குளிர்காலம் வந்தால், அந்தச் சமையலறையில் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருந்த மூன்று நாள்தான் நினைவுக்கு வரும். அந்த மாதிரிக் கதகதப்பு அதற்குப் பிறகு கிடைக்கவில்லை. புருஷனிடம் சொன்னால், "பட்டினியும் பேனுமா கிடந்தத இவ்வளவு ஆசையா சொல்ற ஒரே ஆளு நீதான்" என்று சிரிப்பார்.

பனி உருகி, போதகர் குதிரையில் வந்து சேர்ந்தார். தேவாலயத்துக்குள் போனவர் வெகு நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"ஊருக்குள்ள போய்க் கேட்டிருக்கலாமே? இத்தனை வீடு இருக்கே. ஒரு வீட்டுல குடுக்காமலா போயிடுவாங்க?"

புலெங் வாயைத் திறந்தாள்.

"வழி மூடியிருந்துச்சு, போதகரே" என்றாள் மே மாமொதேனா.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு, மிச்சமிருந்த மூன்று பெஞ்சில் யாரும் உட்காராமல், எல்லோரும் வெறும் கல்தரையில் நின்றார்கள். முடிந்ததும் சபைக் கூட்டம் நடந்தது. முதலில் பேசியவள் மே மாகபேலோ. நெடுநெடுவென்று வளர்ந்தவள். பெண்கள் ஜெபக்குழுவில் அவள் வார்த்தைக்கு மறு வார்த்தை கிடையாது.

"எங்கப்பா அந்தப் பெஞ்சுக்கு ஒரு காளைய வித்தாரு" என்றாள். "அவரு பேரு அதுல மட்டுந்தான் இருந்துச்சு. கல்லறையில கல்லுகூட இல்ல. அத அடுப்புல வெச்சுட்டீங்க. யாரோ பெத்த பிள்ளைங்களுக்காக."

புலெங்குக்கு உச்சந்தலை கொதித்தது. ஓர் அடி முன்னால் வைத்தாள். பின்னாலிருந்து மே மாமொதேனாவின் விரல்கள் அவள் மேல்கைச் சதையைப் பிடித்துத் திருகின. கண்ணில் நீர் வந்துவிட்டது. பிடி விடவே இல்லை, கூட்டம் முடியும் வரைக்கும்.

சபை மூப்பர்கள் மே மாமொதேனாவை ஆறு மாதம் ஜெபக்குழுவிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அவள் ஜெபக்குழுச் சீருடையை மடித்துக் கொடுத்துவிட்டு வந்தாள். வெளியே வந்ததும் புலெங் வெடித்தாள்.

"ஏன் மே என்னப் பேச விடல? புகை வந்துச்சு, மே. என் கண்ணால பாத்தேன். அவங்க வாயாலேயே இல்லன்னாங்க. இப்ப நம்ம மேல பழி போடுறாங்க."

"நீ டிசம்பர்ல பஸ் ஏறிடுவ" என்றாள் மே மாமொதேனா, நடந்துகொண்டே. "இதுங்க இங்கதான் வளரணும். இந்த ஊர்லதான் பொண்ணு கட்டணும், மாடு மேய்க்கணும். ஊர் முன்னாடி அவ மூஞ்சியில கரியப் பூசிட்டா, நாளைக்கு இதுங்களப் பாத்து யாரு பேசுவா?"

"அதுக்காகப் பொய் சொல்றதா? நீங்க ஜெபக்குழுவுக்கே வெளிய நிக்கிறீங்க."

"நிக்கிறேன். காலு நல்லாத்தான் இருக்கு." கொஞ்ச தூரம் போனபிறகு சொன்னாள்: "அவ கதவத் திறக்காத பொம்பள இல்லடி. நான் கல்யாணமாகி வந்த நாள்லருந்து பாக்கறேன். வீட்டுக்குள்ள ஏதோ இருக்கு."

இருந்தது. செப்டம்பரில் தெரிந்தது. மாகபேலோவின் மூத்த மகன், அவள் பெயருக்குக் காரணமான கபேலோ, செத்துப்போனான். மே மாதமே சுரங்கத்திலிருந்து ஒரு வாடகைக் குதிரையில் எலும்பும் தோலுமாய் வந்திருக்கிறான். ஊர்க் கண்ணுக்குப் படாமல் உள்ளறையில் வைத்து நாலு மாதம் ஒற்றையாய்ப் பார்த்திருக்கிறாள். அவன் குளிரில் நடுங்கக்கூடாது என்று எரித்த நெருப்பின் புகைதான் அது. அடக்கத்துக்கு வந்தவர்களிலும் பாதிப் பேர் தள்ளியே நின்றார்கள். மே மாமொதேனா சீருடை இல்லாமல் போய், குழிக்குப் பக்கத்தில் மாகபேலோவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு ஊருக்கெல்லாம் களி கிண்டியதும் அவள்தான். புலெங் கூட நின்று கிண்டினாள். கை காய்த்துப்போயிருந்தது.

அக்டோபரில் ஒரு மத்தியானம், மாகபேலோ மிஷன் வாசலில் வந்து நின்றாள். கையில் மூன்று வயதுப் பெண் குழந்தை. கபேலோவின் மகள், திசெபோ. குழந்தையின் தாயும் தன் பிறந்த வீட்டில் செத்துப்போய்விட்டாளாம். மாகபேலோவுக்கே இப்போது மூச்சு வாங்கியது. படி ஏற முடியவில்லை.

அடுப்படியில் மே மாமொதேனாவும் புலெங்கும் மட்டும் இருந்தார்கள். மாகபேலோ உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு, புலெங்கைப் பார்த்தாள்.

"அன்னிக்கு நீ வந்தப்ப..." என்று ஆரம்பித்தாள்.

"மே மாகபேலோ, நிக்காதீங்க, வந்து உக்காருங்க" என்றாள் மே மாமொதேனா. ஒரு கரண்டிக் கீரையை நீட்டினாள். "உப்பு போதுமான்னு பாத்துச் சொல்லுங்க. இந்தப் பட்டணத்துக்காரிக்கு உப்பே போடத் தெரியல."

மாகபேலோ கரண்டியை வாங்கி வாயில் வைத்தாள். ரொம்ப நேரம் வாயிலேயே வைத்திருந்தாள். "கொஞ்சம் போடலாம்" என்றாள் கடைசியில். திசெபோ அதற்குள் மொசெலான்சாவோடு கோழி துரத்தப் போயிருந்தாள்.

மன்னிப்பு என்ற சொல்லை அந்த அடுப்படியில் யாரும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. பத்தொன்பது வயதில் புலெங்குக்கு அது பொறுக்கவில்லை. அந்தம்மா சொல்ல வந்ததைச் சொல்ல விட்டிருக்க வேண்டும், தான் அதைக் காதால் கேட்டிருக்க வேண்டும் என்று பல நாள் மனசு அரித்தது. அந்த வாரம் மிஷனுக்கு ஆறு சாக்கு வறட்டி வந்தது. யார் அனுப்பியது என்று கொண்டுவந்த ஆள் சொல்லவில்லை. மே மாமொதேனாவும் கேட்கவில்லை.

டிசம்பரில் புலெங் பஸ் ஏறினாள். பயிற்சிக் கல்லூரி, வேலை, கல்யாணம், இரண்டு பிள்ளைகள். ஆரம்பத்தில் வருடத்துக்கு ஒரு தடவை மலைக்குப் போனாள். பிறகு கடிதம், பிறகு தொலைபேசி. மாகபேலோ போய்ச் சேர்ந்து வெகு காலமாகிவிட்டது.

சனிக்கிழமை விடிகாலையில் தியேஹோ வண்டியோடு வந்தான். வழியில் மொசெலான்சாவை ஏற்றிக்கொண்டார்கள். ப்ளூம்ஃபோன்டைனில் நர்ஸ், நல்ல வாட்டசாட்டமாய் இருந்தாள். இப்போது மிஷன் வாசல் வரைக்கும் கார் போகிறது.

பதினேழு பேரில் பதினொரு பேர் வந்திருந்தார்கள். மூன்று பேர் உயிரோடு இல்லை. மற்ற மூன்று பேருக்கு வேலையை விட்டு வர முடியவில்லை. பிறகு வந்து மிஷனில் வளர்ந்த திசெபோவும் வந்திருந்தாள். சவப்பெட்டிக்கு மேல் ஜெபக்குழுச் சீருடையை மடித்து வைத்திருந்தார்கள். ஆண்கள் மாற்றி மாற்றி மண் தள்ளினார்கள். தியேஹோ மண்வெட்டியை வேறு யாருக்கும் கொடுக்க மறுத்து, மூச்சு வாங்க வாங்கத் தள்ளினான்.

சாப்பாட்டுக்குச் சரிவில் வட்டமாய் உட்கார்ந்தார்கள். மாட்டிறைச்சியும், இடித்த சோளமும், பீட்ரூட்டும். பேச்சு பழசுக்குப் போனது. புலெங் பனிக் கதையை எடுத்தாள். பெஞ்சு, கோடாலி, மூணாவது வரிசை எல்லாம் சொன்னாள். பாதிப் பேருக்கு அது மங்கலாய்த்தான் ஞாபகம் இருந்தது.

"எனக்குச் சுத்தமா ஞாபகம் இல்ல, அவுசி" என்றான் தியேஹோ, சங்கடமாய்.

"நீதானடா சாகக் கிடந்த."

"அதான் ஞாபகம் இல்ல போல. எனக்கு ஞாபகம் இருக்கறது ஒண்ணே ஒண்ணு. நீங்க குதிரையோட ஓடையில விழுந்தது."

வட்டம் முழுக்கச் சிரிப்பு பொங்கியது. எல்லோருக்கும் அது ஞாபகம் இருந்தது. தொப்பி மிதந்து போனது, பையிலிருந்த துணியெல்லாம் தண்ணீரில் விரிந்தது, அவள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று குதிரையைத் திட்டியது. ஆளாளுக்கு ஒரு துண்டு சொன்னார்கள். திசெபோ அப்போது அங்கே இல்லவே இல்லை; அவளும் நேரில் பார்த்தவள் மாதிரி சொன்னாள். அடுத்த வட்டத்திலிருந்து ஒரு முதியவள் திரும்பி, "சாவு வீடு, பிள்ளைங்களா" என்று கடிந்தாள்.

புலெங் சிரிப்பு அடங்கக் காத்திருந்தாள். "அன்னிக்கு நான் எதுக்கு பையோட குதிரை ஏறினேன்னு தெரியுமா?" என்றாள். "வந்து மூணு வாரம் ஆகியிருந்துச்சு. முடியல. வீட்டுக்கு ஓடிப்போயிடலாம்னு கிளம்பினேன். இத்தனை வருஷமா யாருக்கும் சொன்னதில்ல."

யாரும் ஆச்சரியப்படவில்லை. மொசெலான்சா எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு விரலைத் துடைத்தாள்.

"தெரியும், அவுசி. குதிரைய யாரு குடுத்தது?"

"மே மாமொதேனாதான். நான் கேட்டதும் குடுத்துட்டா. சேணமும் அவளே கட்டிவிட்டா."

"மிஷன்ல அப்ப ரெண்டு குதிரை இருந்துச்சு. அது ஒண்ணுதான் தண்ணியக் கண்டா முன்னங்கால மடக்கி உக்காரும். ஊருக்கே தெரியும். கிழவி எங்க எல்லாரையும் கூப்பிட்டு, 'ஓடைக்கு ஓடுங்க, அவ நனைஞ்சுட்டு வருவா, கம்பளி எடுத்துட்டுப் போங்க'ன்னு அனுப்பினா."

புலெங் அவளையே பார்த்தாள். அந்த நாள் கண்முன்னே வந்தது. கரையில் பிள்ளைகள் வரிசையாய் நின்றது, ஒருத்தி கம்பளியை நீட்டிக்கொண்டிருந்தது, வீட்டுக்கு வந்தபோது அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு வெந்நீர் எப்படித் தயாராய் இருந்தது என்று அவள் ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

"திருட்டுக் கிழவி" என்றாள். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், பாதியில் அது வேறாகிவிட்டது. மொசெலான்சா நெருங்கி உட்கார்ந்து, அவள் தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். தியேஹோ ஒன்றும் தெரியாதவன் மாதிரி வண்டிச் சாவியைத் தேடினான். மேற்கே மலை மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. கணவாயை வெளிச்சத்திலேயே தாண்டிவிட வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். ஆனாலும் பாத்திரங்களைக் கழுவி அடுக்கிய பிறகுதான் எல்லோரும் கிளம்பினார்கள்.